கேழ்வரகுச் சக்கையில் நாய் பிஸ்கட்: கடற்கரை வீட்டுக்கு ஒத்துவரும் செய்முறை

மதினி குழந்தைக்கு ஏழாவது மாதம் தொடங்கியதும் எங்கள் வீட்டில் தினமும் கேழ்வரகுப் பால் எடுக்க ஆரம்பித்தார்கள். ஊறவைத்து, முளைகட்டி, அரைத்து, வேட்டித் துணியில் போட்டுப் பிழிந்தால் பால் இறங்கிவிடும், துணிக்குள் பழுப்பாக ஒரு உருண்டை சக்கை மிஞ்சும். கொஞ்ச நாள் அது பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போனது. சித்திரை வெயிலில் அப்பாவுக்கு நீர்க்கடுப்பு வந்து, பார்லித் தண்ணீரும் சேர்ந்துகொண்டபின் சக்கை இரண்டு மடங்கானது, ஆடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாசலில் படுத்திருந்த நெத்தலி மட்டும் எழுந்து வந்து மோந்து பார்த்தாள். நெத்தலி எங்கள் நாய். மண்டபம் கரையில் எலும்பும் தோலுமாகக் கிடந்த குட்டி என்பதால் அந்தப் பெயர். இப்போது 16 கிலோ இருக்கிறாள், பெயரை மாற்ற யாருக்கும் மனசில்லை.

இந்தச் சக்கையில் நாய் பிஸ்கட் செய்யலாம் என்று படித்துவிட்டு இறங்கினேன். முதல் மூன்று தடவை செய்தது மொத்தமும் குழிக்குள் போனது. காரணம் எளிது: நான் படித்த செய்முறை எல்லாம் குளிர்ந்த ஊரில், ஓவன் இருக்கிற வீட்டில் எழுதப்பட்டவை. நம் காற்றில் இருக்கிற ஈரம் அவர்களுக்குத் தெரியாது. மாவு பிசைந்து வேகவைப்பது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அதில் தப்பு செய்வதே கஷ்டம். காய வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் கீழே அதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நாயின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. வெளிநாடுகளில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்கள் முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, 65 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே சூடான தண்ணீரில் ஒரு மணி நேரம் போல ஊறவிடுவார்கள். முளையில் இருக்கிற நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும், அந்த இனிப்புத் தண்ணீரை வடித்து எடுத்தபின் உமியும் நார்ச்சத்தும் புரதமும் உள்ள சக்கை மிஞ்சும். அதில்தான் அவர்கள் நாய் பிஸ்கட் செய்கிறார்கள். நம்ம ஊரில் வீட்டில் பியர் காய்ச்சினால் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் வாசலில் வந்து நிற்கும். இத்தனை பனைமரம் நிற்கிற மாவட்டத்தில் கள்ளுக்கே அனுமதி இல்லை. ஆனால் கேழ்வரகுப் பால் எடுக்கும்போது நம் அம்மாக்கள் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான், புளிக்க வைக்காமல் கூழாகக் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறார்கள், அவ்வளவே.

உயிர் விஷயம் இதுதான். பியரில் கசப்புக்காக ஹாப்ஸ் என்று ஒரு கொடியின் பூவைப் போடுவார்கள். நாய்க்கு அது விஷம். உடம்புச் சூடு 41 டிகிரியைத் தாண்டி ஏறும் (நாய்க்கு இயல்பாகவே 38 முதல் 39 வரை இருக்கும்), மூச்சு வாங்கும், உடனே மருத்துவரிடம் போகாவிட்டால் பிழைப்பது கஷ்டம். வழக்கமாகத் தானியத்தை வடித்தெடுத்த பிறகுதான் ஹாப்ஸ் போடுவார்கள், அதனால் சக்கையில் அது இருக்காது. ஆனால் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிற சொந்தக்காரர் யாராவது 'பியர் சக்கை' என்று பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தால், ஹாப்ஸ் கலக்காதது என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய நாய்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நம் கேழ்வரகுச் சக்கையில் அந்தப் பயம் கிடையாது.

சரி, சக்கைக்கு வருவோம்.

கால் கிலோ கேழ்வரகை மண் போகக் கழுவி 8 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் நம் ஊர்ச் சூட்டுக்கு மறுநாள் காலையிலேயே வெள்ளை முளை தலை நீட்டிவிடும். முளை நீளமாக வேண்டியதில்லை. அரைத்து இரண்டு தடவை தண்ணீர் விட்டுப் பிழிந்த பிறகு கிடைப்பதுதான் சக்கை. பார்லி என்றால் 100 கிராமை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் குழைய வேகவைத்து வடித்தபின் மிஞ்சுவது. வடிக்கும் முன் உப்போ மோரோ எலுமிச்சையோ சேர்த்திருந்தால் அந்தச் சக்கை வேண்டாம், வெறும் தண்ணீரில் வெந்ததாக இருக்கட்டும். இரண்டையும் கலந்தும் செய்யலாம், நான் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன், ஏனென்றால் பார்லி கொஞ்சம் பிசுபிசுப்பாக இருப்பதால் மாவு பிடித்துக்கொள்ளும். கேழ்வரகு மட்டும் என்றால் மணல் போல உதிரும். கோதுமையோ பார்லியோ ஒத்துக்கொள்ளாமல் சொறிகிற நாய்களுக்குக் கேழ்வரகுச் சக்கையும் அரிசி மாவும் போதும்.

சக்கையைத் துணியோடு முறுக்கி, தண்ணீர் சொட்டாத வரைக்கும் பிழியுங்கள். கை வலிக்கிற அளவுக்குப் பிழியுங்கள். இங்கே விடுகிற ஒவ்வொரு கரண்டித் தண்ணீரையும் நாளைக்கு அடுப்பு எரித்து வெளியேற்ற வேண்டியது நீங்கள்தான்.

இன்னொன்று, சக்கையை வைத்திருக்காதீர்கள். மே மாதத்தில் எங்கள் அடுப்படியில் காலை 8 மணிக்குப் பிழிந்த சக்கை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் புளித்த வாடை வீசும். உடனே செய்ய முடியாவிட்டால் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், நாலைந்து நாள் சேர்த்து ஒரேயடியாகச் செய்துகொள்ளலாம். புளித்ததை வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பச்சையாகப் புளிக்கிற மாவு நாயின் வயிற்றுக்குள் போனால் அங்கேயும் பொங்கும், வயிறு உப்பிக் கெட்டுப்போகும், அந்தப் புளிப்பில் சாராயமும் உண்டாகும். பிசைந்த மாவை நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள் என்பதற்கும் இதுதான் காரணம்.

மற்ற சாமான்கள்

பிழிந்த சக்கை இரண்டு டம்ளர் (என் டம்ளரில் இறுக்கி அமுக்கினால் 350 கிராம் வருகிறது). கோதுமை மாவு அல்லது அரிசி மாவு 150 கிராம். வேகவைத்து மசித்த சீனிக்கிழங்கு ஒரு கைப்பிடி, 100 கிராம் போல. அது கிடைக்காவிட்டால் மஞ்சள் பூசணி, ஆனால் பூசணியில் தண்ணீர் அதிகம், அதையும் பிழிய வேண்டும். முட்டை ஒன்று. மீன் 100 கிராம், விருப்பப்பட்டால்.

இதற்கு மேல் எதுவும் வேண்டாம். உப்பு வேண்டாம், சீனி வேண்டாம், கருப்பட்டி வேண்டாம். சாயல்குடிப் பக்கம் இருந்து நல்ல கருப்பட்டி வந்தால் அது நமக்கு. வாசனைக்கு என்று பூண்டோ வெங்காயமோ கண்டிப்பாகக் கூடாது, நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அவை உடைக்கும், பொடியாகப் போட்டாலும் சரி, வேகவைத்துப் போட்டாலும் சரி. மிச்சமான மீன் குழம்பில் மாவு பிசைகிற யோசனை எனக்கும் வந்தது, அதில் இருப்பதே வெங்காயமும் பூண்டும் உப்பும்தான். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் மூன்றுக்கும் இடமில்லை. நிலக்கடலை போடலாம், வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்து இரண்டு கரண்டி. சுருங்கியது, கறுத்தது, பூத்தது எல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு. கடையில் வாங்குகிற கடலை வெண்ணெய் என்றால் சர்க்கரை இல்லாதது என்று எழுதியிருக்கிற பாட்டிலைத் தொடாதீர்கள், அதில் சைலிட்டால் என்கிற இனிப்பு இருந்தால் நாயின் ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும்.

மீன் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், நாம் இருக்கிற இடம் அப்படி. சூடை, காரல், நெத்தலி எது மலிவோ அது. குடலை எடுத்து, வெறும் தண்ணீரில் வேகவைத்து, மிக்ஸியில் நைசாக அரைத்தால் சின்ன மீனின் முள்ளும் மாவாகிவிடும், அது நல்லதுதான். பெரிய மீன் என்றால் முள்ளை முழுக்க எடுத்துவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள். வலையில் இருந்து கழித்துப்போட்ட மீனைப் பொறுக்கி வருகிறவர்கள் ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். பந்து மாதிரி உப்பிக்கொள்கிற பேத்தை மீன் ஒன்று கலந்திருந்தால் போச்சு, அதன் விஷம் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. கரையில் காய்ந்து கிடக்கிற பேத்தையைக் கடித்த நாய் என்ன ஆகும் என்று மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கருவாடு? இரண்டாவது தடவை நான் செய்த புத்திசாலித்தனம் அது. கருவாட்டுப் பொடி கலந்தால் மணமாக இருக்குமே என்று போட்டேன், மணம் பிரமாதம்தான், நெத்தலி ஆறு துண்டு தின்றுவிட்டு ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்தாள், விடிய விடிய மூத்திரத்துக்குக் கதவைப் பிராண்டினாள். உப்புக் கருவாடு நாய்க்கு ஆகாது. உப்புப் போடாமல் வெயிலில் மட்டும் காய்ந்த நெத்தலி கிடைத்தால், அதையும் நாலு தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள்.

பிசைவதும் வேகவைப்பதும்

எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டி, தண்ணீர் ஒரு சொட்டும் விடாமல் பிசையுங்கள். கொழுக்கட்டை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக வர வேண்டும். கையில் ஒட்டினால் மாவு ஒரு கரண்டி, உதிர்ந்தால் கிழங்கு ஒரு கரண்டி. நாலு பங்காகப் பிரித்து, இரண்டு விரல் கனத்தில் உருட்டி (புட்டுக் குழாய் கனம் வேண்டாம், அதில் பாதி), இட்லிக் கொப்பரையில் துணி விரித்து அடுக்கி 30 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். நடுவில் ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

படித்த செய்முறைகள் எல்லாம் பச்சை மாவைத் தேய்த்து நேராக ஓவனில் வைக்கச் சொல்கின்றன. ஓவன் இருந்தால் செய்யுங்கள். ஆனால் ஆவியில் வேகவைத்து வெட்டினால் உள்ளே பச்சை நிற்காது, முட்டையும் மீனும் நன்றாக வெந்துவிடும், அதற்குப் பிறகு மிச்சம் இருப்பது காய வைக்கிற வேலை மட்டும்தான். அப்பத்தா வற்றல் போட்ட முறைதான் எனக்கு இந்த யோசனையைக் கொடுத்தது. அவர் இதைப் பார்த்துவிட்டு, "வடிகஞ்சி ஊத்துனா நக்கிட்டுப் போற நாய்க்குப் பிஸ்கோத்து கேக்குதா"ன்னு கேட்டது வேறு கதை.

வெந்த உருளைகளை முழுக்க ஆறவிடுங்கள். முடிந்தால் ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூட்டோடு வெட்டினால் நசுங்கும், ஆறியபின் கூரான கத்தியால் அரை சென்டிமீட்டர் கனத்தில் சீவினால் 110 துண்டு வரைக்கும் வரும். கனம் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்று தடியாகவும் ஒன்று மெல்லிசாகவும் இருந்தால் மெல்லிசு கருகுகிற நேரத்தில் தடி உள்ளே ஈரமாக இருக்கும், அந்த ஒரு தடித் துண்டுதான் பாட்டில் முழுவதையும் கெடுக்கும்.

காய வைப்பது

கருவாடு எப்படி மாதக்கணக்கில் நிற்கிறது? வெயில் பாதி, உப்பு பாதி. இதில் உப்பைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டோம். அப்படியானால் பூசணம் வராமல் காக்க நம்மிடம் மிச்சம் இருப்பது காய வைப்பது மட்டும்தான். அதிலே அரைகுறை வைத்தால் மூன்றாம் நாள் பச்சையாக நூல் விடும். முதல் தடவை நான் செய்ததை ஐப்பசி மழையில் எவர்சில்வர் தூக்கில் போட்டு இறுக்கி மூடினேன், திறந்தபோது பூத்துப்போயிருந்தது.

மீனும் முட்டையும் போட்டதை வெயிலில் காய வைக்காதீர்கள். உப்பில்லாத மீன், ஈ மொய்க்கிற மாடி, ஈரக் காற்று, மூன்றும் சேர்ந்தால் நல்லதுக்கில்லை. அதற்கு அடுப்புத்தான். ஓவன் உள்ளவர்கள் 150 டிகிரியில் 20 நிமிடம் வைத்துவிட்டு 100 டிகிரிக்குக் குறைத்து, கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி லேசாகத் திறந்தபடி இரண்டு மணி நேரமாவது விடுங்கள். ஈரம் வெளியே போக வழி வேண்டும், அதற்குத்தான் கரண்டி. ஓவன் இல்லாதவர்கள் கனமான தோசைக்கல்லை எண்ணெய் தடவாமல் இருப்பதிலேயே சின்ன தீயில் வைத்து, துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, 10 நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டு, ஒரு ஈடுக்கு 50 நிமிடம். மூடி போடக்கூடாது. மூன்று ஈடு வரும். அலுப்பான வேலைதான், நான் சாயந்தரம் ரேடியோ கேட்டுக்கொண்டே செய்கிறேன். கேஸ் செலவைப் பார்க்கிறவர்கள் தெருமுனை பேக்கரியில் கேட்டுப் பாருங்கள். ரொட்டி சுட்டு முடித்தபின் அடுப்பில் சூடு கிடக்கும், ஒரு தட்டை உள்ளே வைத்துக் காலையில் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் முதலில் சிரித்தார்கள், இப்போது அவர்கள் வீட்டு நாய்க்கும் ஒரு பங்கு போகிறது.

மீனும் முட்டையும் இல்லாமல், கிழங்கைக் கூட்டிச் செய்ததை மாடியில் காய வைக்கலாம், பங்குனியில் இருந்து ஆவணி வரைக்கும். காலை 9 மணிக்கு விரித்து 4 மணிக்கு எடுத்துவிடுங்கள், வெயில் தாழ்ந்ததும் கடல் காற்று ஈரத்தைத் திரும்பக் கொண்டுவந்து ஏற்றிவிடும். இரண்டு நாள் வெயில் வேண்டும். மேற்கே இருந்து கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் மணல் வந்து ஒட்டும், காக்கா வேறு. பழைய கொசுவலையை நாலு செங்கல் வைத்து மேலே கட்டிவிடுங்கள். வெயிலில் காய்ந்ததையும் கடைசியில் 15 நிமிடம் தோசைக்கல்லில் புரட்டி எடுத்தால்தான் எனக்கு நம்பிக்கை. வாடை வீசத் தொடங்கியபின், அதாவது ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும், மாடியை மறந்துவிடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூன்று வழி வைத்திருக்கிறேன். ஒன்று, ஆறிய துண்டை உடைத்தால் அப்பளம் மாதிரி 'டக்'கென்று உடைய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது. சூடாக இருக்கும்போது எல்லாமே வளையும், அதனால் ஆறட்டும். இரண்டு, எடை. மேலே சொன்ன அளவுக்கு, மீனும் சேர்த்து, முக்கால் கிலோ மாவு வரும். காய்ந்தபின் அது 350 கிராமுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். 400 காட்டினால் திரும்ப அடுப்பில் போடுங்கள், கண்ணுக்கு எவ்வளவு காய்ந்ததாகத் தெரிந்தாலும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: பத்துத் துண்டைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக்கி மூடி ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். பாட்டிலின் உள்பக்கம் பனி படர்ந்தால் இன்னும் காயவில்லை.

வைத்திருப்பது

முழுக்க ஆறியபின் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில். நன்றாகக் காய்ந்தது மூன்று வாரம் நிற்கும். பெரிய பாட்டில் ஒன்றை விடச் சின்னதாக மூன்று நல்லது, திறக்கத் திறக்க ஈரம் ஏறும். நமுத்துப்போனால் பயப்பட வேண்டாம், கல்லில் திரும்பச் சூடு காட்டலாம். ஆனால் ஒரு துண்டில் பூசணம் கண்டாலும், மக்கின வாடை வந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். பூத்த இடத்தைச் சுரண்டிவிட்டுக் கொடுக்கிற வேலை வேண்டாம். கொட்டுவது என்றால் குழி தோண்டிப் புதைப்பது, கரையில் வீசினால் ஊர் நாய் எல்லாம் தின்னும்.

காய வைக்கவே நேரமில்லை என்கிறவர்கள் வெட்டிய துண்டுகளை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் கொடுத்து முடிக்கலாம், ஃப்ரீசரில் இரண்டு மாதம் கிடக்கும். பல் போன கிழட்டு நாய்களுக்கு இதுவே நல்லது.

எவ்வளவு கொடுப்பது

இது சாப்பாடு இல்லை, தீனி. ஒரு நாளைக்கு நாய் தின்பதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீனியாக இருக்கக்கூடாது என்பது பொதுக் கணக்கு. ஒரு துண்டு காய்ந்தபின் 3 கிராம்தான் இருக்கும், அந்தக் கணக்கில் 16 கிலோ நெத்தலிக்கு ஏழெட்டுத் துண்டு வரைக்கும் போகலாம், நான் ஆறோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏனென்றால் தெருவில் மீன் தலை, சோறு என்று அவளுக்குத் தனி வரும்படி இருக்கிறது. முதல் நாள் பாதித் துண்டு மட்டும் கொடுங்கள். சக்கை முழுக்க நார்ச்சத்து, பழக்கமில்லாத வயிறு இளகும். இரண்டு நாள் பார்த்து, சொறி, வாந்தி, பேதி எதுவும் இல்லையென்றால் கூட்டிக்கொள்ளுங்கள். பால்குடி மறக்காத குட்டிக்கு வேண்டாம். சிறுநீரகக் கோளாறு, கணையக் கோளாறு என்று மருந்தில் இருக்கிற நாய்க்குக் கொடுப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், இதில் என்னென்ன போட்டேன் என்று எழுதிக்கொண்டு போனால் அவருக்கும் சுலபம்.

பக்கத்தில் தண்ணீர் வைத்திருங்கள், காய்ந்த தீனி தாகம் எடுக்கும். வெட்டும்போது உதிர்கிற தூளை எறிய வேண்டாம். அதை அன்றைக்கே சோற்றில் கலந்து கொடுத்துவிடலாம். எங்கள் வீட்டில் அதுகூட மிஞ்சுவதில்லை, கத்தியை எடுக்கிற சத்தம் கேட்டதும் ஒருத்தி வந்து காலடியில் உட்கார்ந்துவிடுகிறாள்.